யிப் முதலாளி விழுந்த படங்கள்

ஸ்டூடியோ விளக்கு மேலே பட்டால் மோக் குடும்பத்தார் நால்வரும் ஓநாயாகிவிடுவார்கள். வெயிலும் நிலாவும் அவர்களை ஒன்றும் செய்ததில்லை. விளக்கை அணைத்ததும் ஆளாகி, சட்டையை மாட்டிக்கொண்டு நூடுல்ஸ் கடைக்குப் போவார்கள். கவுலூன் பேட்டையில் படமெடுத்த யிப் முதலாளி இதனால் ஒப்பனைச் செலவு மிச்சமென்று கண்டுகொண்டு, ஓநாய்க் குடும்பம் கடற்கரைக்குப் போனது, ஓநாய்க் குடும்பம் குளிர்பெட்டி வாங்கியது என்று புத்தாண்டுக்குப் புத்தாண்டு ஒன்பது படம் எடுத்தார். குடும்பத் தலைவன் மோக் செக்-ஹோய் ஓநாயாக ஆறாம் மாடியிலிருந்து குதித்து, நாலு காலில் இறங்கி, தைலம் தடவி இரண்டு நாள் நொண்டுவான். அவ்வளவுதான்.

பிறகு சனங்களின் ருசி மாறியது. போலீஸ் பிடிக்காத ரவுடிகளைத் தனியாளாக அடித்து நொறுக்குகிறவனைத்தான் எல்லோரும் கேட்டார்கள். யிப் ஓநாய்களைக் கைவிட்டு, மோக்கைக் கதாநாயகனுக்குப் பதிலாகக் குதிக்க வைத்தார். ஆளாகக் குதிப்பதென்றால் கீழே அட்டைப்பெட்டிகளை மூன்றடுக்கு அடுக்க வேண்டும். பெட்டி படத்தில் தெரிகிறது, எடுத்துவிடுங்கள் என்றார் யிப்.

“அப்ப ஒரு விளக்காவது போடுங்க முதலாளி, ஓநாயா இறங்கிடறேன்.”

“நியாயம் கேக்கப் போறவனுக்கு வால் மொளைச்சா சனம் சிரிக்கும்யா. குதி.”

குதித்தான், எழுந்திருக்கவில்லை. யிப் அந்தக் காட்சியை அப்படியே படத்தில் விட்டார். பதினொரு வாரம் ஓடியது. அவன் தரையில் மோதும் இடத்தில் கொட்டகை அதிரக் கைதட்டினார்கள். நாங்களும் தட்டினோம், சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

மோக்கின் மனைவி லாய்-ஃபாங் இரண்டு மகள்களோடு அலுவலகத்துக்குப் போய் நின்றாள். “அந்தத் துண்ட மட்டும் வெட்டிடுங்க. எங்க வீட்டுக்காரர் சாகறதப் பாத்து ஊரே கைதட்டுது.”

“அண்ணி, அதுக்குத்தானே கூட்டமே வருது! ரெண்டாம் பாகத்துலயும் அதத்தான் மொதல்ல காட்டப் போறேன்” என்று சொல்லி, யிப் அவளுக்குத் தேநீர் ஊற்றினார்.

இரண்டாம் பாகத்தின் பூசை அன்று பத்திரிகைக்காரர்களுக்காக மூன்று ஓநாய்களைப் பக்கத்தில் நிறுத்த ஆசைப்பட்டார். அவள் மறு பேச்சில்லாமல் வந்தாள். சூடு சொரணை இல்லாதவள் என்று பேட்டை முழுக்க ஏசினோம். ஊதுவத்தி ஏற்றி, விளக்கைப் போட்டு, சுட்ட பன்றியை யிப் வெட்டினார். வெட்டியவர் தன் கையாலேயே எல்லோருக்கும் துண்டு கொடுப்பது வழக்கம். மொறுமொறுப்பான தோலாகப் பார்த்து லாய்-ஃபாங்கிடம் நீட்டினார். அவள் இறைச்சியை விட்டுவிட்டு அவர் மணிக்கட்டைக் கடித்தாள். விளம்பரம் என்று நினைத்து எல்லோரும் படம் பிடித்தார்கள்.

மறுநாள் படப்பிடிப்பில் விளக்கு எரிந்ததும், பட்டுக் கழுத்துப்பட்டை கட்டிய கிழட்டு ஓநாயொன்று யிப்பின் நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. கடிபட்டவன் கடித்தவள் சொல்லைத் தட்ட முடியாது. அந்தக் குலத்தின் விதி அது. முதலில் விளக்கை அணைக்கச் செய்து அவள் கத்தரியை நீட்டினாள். ஆளாக மாறிய யிப், அழுதுகொண்டே இருபத்திரண்டு பிரதிகளிலிருந்தும் மோக் விழும் துண்டை வெட்டி அவள் காலடியில் எரித்தார். இனி என் புருஷன் எந்தத் திரையிலும் சாகமாட்டான் என்று மகள்களிடம் சொல்லிவிட்டு, அவள் யிப்பின் பக்கம் திரும்பினாள்.

“இப்ப மேல ஏறுங்க.”

மறுபடி விளக்கு எரிய, அன்றைக்கு ஓநாயாக ஒன்பது தடவை குதித்தார். அதன் பின் பதினேழு வருஷத்தில் நாற்பத்தொரு படம். கிழட்டு உடம்புக்கு ஒவ்வொரு தடவையும் எலும்பு நொறுங்குகிற வலி, ஆனால் ஓநாய்க்கு அதில் சாவு கிடையாது. யாருக்கும் இப்போது அது அதிசயமில்லை. காய்கறிக்காரிகூட அவருக்கு வணக்கம் சொல்லிவிட்டுப் போகிறாள். லாய்-ஃபாங் தினமும் எலும்புச் சூப்பும் மருந்து வேரும் கொண்டுவந்து தன் கையாலேயே ஊட்டுகிறாள். மன்னித்துவிட்டாயா என்று சண்டைப் பயிற்சியாளர் சூ மாஸ்டர் ஒருநாள் கேட்டார்.

“மன்னிக்கவா? நல்லா சாப்பிட்டுத் தெம்பா இருக்கட்டும் மாஸ்டர். சீக்கிரம் செத்துத் தொலைஞ்சிட்டா?”

மாஸ்டர் அடுத்த குதிப்புக்கு விளக்கைப் போடச் சொன்னார்.