சாவுக்குத் தவறாத மேஸ்திரி

எங்கள் ஊர்க்காரர்கள் ஒருவனை எடைபோடுவதற்கு ஒரே ஒரு கேள்விதான் கேட்பார்கள்: சாவுக்கு வந்தானா? குடிகாரனாக இருக்கட்டும், கடன் வாங்கி ஏமாற்றியவனாக இருக்கட்டும், மழையில் நனைந்துகொண்டு கல்லறை வரை வந்துவிட்டால் போதும், அவன் தங்கமான பிள்ளை. அயர்லாந்தின் மேற்குப் பக்கம் எல்லா ஊரும் இப்படித்தான் என்பார்கள். எங்கள் கில்பிராக்கன் அளவுக்கு முட்டாள்தனம் வேறு எங்கும் இருக்காது என்று நான் சத்தியம் செய்வேன்.

டிம்ப்னா தன் வீட்டு வேலையை மேஸ்திரி மாஸியிடம் கொடுத்ததும் இதை நம்பித்தான். நான் எதிர்வீட்டுக்காரி, தனிக்கட்டை, வாயை மூடத் தெரியாதவள். அவனை ஏற்பாடு செய்த அன்றே கேட்டேன்.

"அவன் கட்டின வீடு ஒண்ணாவது பாத்திருக்கியாடி?"

"எங்கம்மா செத்தப்ப பனி முழங்கால் வரைக்கும் கிடந்துச்சு, அசம்ப்டா. ரோடே தெரியல. அவன் நடந்தே வந்தான்."

"நடந்து வந்தது சரி. சுவர் நிக்குமா?"

"உனக்கு யாரைத்தான் பிடிக்கும்?"

அவளுடைய நாத்தனார் அட்ராக்டாவும் ஒத்து ஊதினாள். தன் புருஷன் அடக்கத்துக்கு மாஸி கண்ணீர் விட்டானாம். அப்படிப்பட்டவன் கட்டும் வீடு ஒழுகுமா என்று கேட்டாள்.

கட்டவேண்டியது ஒன்றும் மாளிகை இல்லை. டிம்ப்னாவின் கணவர் கோல்மன் எங்கள் ஊர்த் தபால்காரராக இருந்தவர். வாழ்நாள் முழுக்க ஊரார் வீட்டு வாசல் வரை நடந்த மனிதருக்குப் பக்கவாதம் வந்து, இடது கையும் காலும் விழுந்துவிட்டன. டவுனில் இருக்கும் முதியோர் விடுதியில் கிடந்தார். வீட்டில் படுக்கையறை, குளியலறை எல்லாம் மாடியில். கீழே சமையலறைக்குப் பின்னால் ஒரு அறையும் கழிப்பறையும் கட்டி, நர்ஸ் வந்து பார்த்துச் சரி என்று சொன்னால் அவர் வீட்டுக்கு வரலாம். விடுதிக்குப் போகும்போதெல்லாம் அவர் கேட்டது அது ஒன்றைத்தான். "என்னை இங்க சாக விட்டுடாதே" என்று வாய் கோணியபடி சொல்வார். டிம்ப்னா சத்தியம் செய்து கொடுத்திருந்தாள்.

இடிக்கிற அன்றைக்கு மட்டும் மாஸி விடிவதற்கு முன்பே வந்து நின்றான். என்ன வேகம்! மத்தியானத்துக்குள் சமையலறையின் பின்சுவர் தரைமட்டம். கழிவுக்குழாயை வெட்டிப் போட்டான், மாடிக் கழிப்பறையும் போயிற்று. பின்னால் அஸ்திவாரம் தோண்டி, இடுப்பளவு சுவர் எழுப்பி, திறந்த பக்கத்தில் நீலத் தார்ப்பாயைக் கட்டிவிட்டு, முன்பணத்தோடு போனான். சிமெண்ட் கலக்கும் இயந்திரத்தை மட்டும் முற்றத்தில் விட்டுப்போனான். அது அங்கே நிற்கும் வரைக்கும் அந்த வேலை அவனுடையது. டிம்ப்னா வேறு மேஸ்திரிகளைக் கூப்பிட்டுப் பார்த்தாள். வந்தார்கள், இயந்திரத்தைப் பார்த்தார்கள், "இது மாஸியோட வேலைல்ல?" என்று தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள்.

அதன் பிறகு எட்டு மாதம் டிம்ப்னா ஒதுங்குவதற்குச் சாலையைக் கடந்து என் வீட்டுக்குத்தான் வந்தாள். மழை நாளில் குடை பிடித்துக்கொண்டு வருவாள். நான் பார்க்காத மாதிரி இருப்பேன்.

போன் அடித்தால் மாஸி எடுக்கமாட்டான். வீட்டுக்குப் போனால் அவன் பெண்டாட்டி இப்போதுதான் கிளம்பினார் என்பாள். ஆனால் காலையில் வானொலியில் சாவு அறிவிப்பு வாசிப்பார்கள் அல்லவா, அதில் வருகிற ஒரு சாவையும் அவன் விட்டதில்லை. டிம்ப்னா அதைப் பிடித்துக்கொண்டாள். காது வானொலியில், கை கறுப்புக் கோட்டில். செய்தி முடிந்ததும் என் கதவைத் தட்டுவாள்.

"காரை எடு. பாலினாட்ல ஒருத்தர் போயிட்டாராம்."

"யாரு அது?"

"யாருக்குத் தெரியும்? மாஸி வருவான்."

அந்தக் கோடை முழுக்க நாங்கள் முன்பின் தெரியாதவர்களை எல்லாம் அடக்கம் செய்தோம். ஊரில் டிம்ப்னாவுக்கு நல்ல பெயர். புருஷன் அந்த நிலையில் கிடக்கும்போதும் பிறர் துக்கத்தில் பங்கெடுக்கிறாளே என்று ஃபாதர் ஹான்லி பிரசங்கத்திலேயே சொன்னார். நான் வாயில் கைக்குட்டையை அடைத்துக்கொண்டேன்.

ஒருமுறை கல்லறைத் தோட்டத்தில், குழிக்குள் பெட்டியை இறக்கிக்கொண்டிருக்கும்போது, மாஸியின் கோட்டுக் கையைப் பிடித்துவிட்டாள்.

"மாஸி."

"உங்க துக்கத்துல நானும் பங்கெடுத்துக்கறேன்மா."

"செத்தவரு எனக்கு யாருமே இல்ல. நீ எப்ப வர்றே?"

"இப்படி ஒருத்தரு போய்ச் சேர்ந்திருக்காரு. பக்கத்துல நின்னுக்கிட்டு வேலை விஷயம் பேசலாமாம்மா?"

முன்வரிசையில் இருந்த இரண்டு பேர் திரும்பி டிம்ப்னாவை முறைத்தார்கள். அவன் கண்ணை மூடிக்கொண்டு ஜெபம் முணுமுணுத்தான். முடித்துவிட்டுக் குனிந்து காதருகே சொன்னான்.

"கான்கிரீட் லாரிக்காரன் இழுத்தடிக்கிறான். அவன் வந்த அடுத்த நிமிஷம் நான் உங்க வீட்ல நிப்பேன். எங்கம்மா கல்லறை மேல சத்தியம். அதோ, அந்த மூணாவது வரிசையில இருக்கு பாருங்க."

அவள் அதையும் பார்த்தாள். அந்த லாரி வந்ததா, யாருக்காவது வந்ததா, கடவுளுக்கே வெளிச்சம்.

அங்கிருந்து நேரே விடுதிக்குப் போனோம். கோல்மன் தலையணையில் சாய்ந்து காத்திருந்தார்.

"இன்னிக்கு என்ன பண்ணினான்?"

"தரை போட்டாச்சு," என்றாள் டிம்ப்னா, கண் இமைக்காமல். "டைல்ஸ் ஒட்டிட்டிருக்கான்."

"என்ன கலரு?"

"வெளிர்பச்சை."

"கைப்பிடி எந்தப் பக்கம்? எனக்கு வலது கைதான் வேலை செய்யும். சொன்னியா அவன்கிட்ட?"

"வலது பக்கம்தான் வச்சிருக்கான். நானே புடிச்சு ஆட்டிப் பாத்தேன்."

"கட்டிலு?"

"ஜன்னலோரமா. படுத்துக்கிட்டே ரோட்டைப் பாக்கலாம்."

அவர் முகத்தில் அசைகிற பாதி சிரித்தது. "அப்ப எப்ப கூட்டிட்டுப் போறே?"

"பெயிண்ட் காயட்டும்."

காரில் வரும்போது அவள் அழவில்லை. "நல்லா பொய் சொல்றேன்ல?" என்று கேட்டாள். நான் சாலையைப் பார்த்து ஓட்டினேன். எனக்குத்தான் கண்ணீர் கண்ணை மறைத்தது.

அக்டோபரில் நெஞ்சில் சளி கட்டி ஒரு விடியற்காலையில் கோல்மன் இறந்துபோனார். நாங்கள் போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது. பெயிண்ட் காய்ந்துவிட்டதா என்று நர்ஸிடம் கேட்டாராம். ஏதோ ஜன்னி பிதற்றல் என்று அந்தப் பெண் நினைத்திருக்கிறாள், சிரித்துக்கொண்டே எங்களிடம் சொன்னாள். மாஸி அப்போது என் கையில் கிடைத்திருந்தால் நான் ஜெயிலுக்குப் போயிருப்பேன்.

எங்கள் பக்கம் செத்தவரை ஒரு ராத்திரியாவது சொந்த வீட்டில் கிடத்துவார்கள். ஊரே வந்து தேநீர் குடித்து, பேசி, அழுது, சிரித்துவிட்டுப் போகும். பின்சுவர் இல்லாத, கழிப்பறை இல்லாத வீட்டுக்கு ஊரை எப்படிக் கூப்பிடுவது? டவுனில் ஒரு வாடகைக் கூடத்தில் கிடத்தினோம். வரிசையில் நின்று ஒவ்வொருவராகக் கை கொடுத்தார்கள். வரிசையில் முதல் ஆள் மாஸி. தலை படிய வாரியிருந்தான், சப்பாத்து பளபளத்தது.

மறுநாள் தேவாலயத்தில் பூசை முடிந்து கல்லறைக்குப் போகும் வழியில், வழக்கப்படி, கோல்மன் வீட்டு வாசலில் பெட்டியை ஒரு நிமிடம் நிறுத்தினார்கள். சுமந்தவர்கள் அட்ராக்டாவின் இரண்டு மகன்கள், தபால் ஆபீஸ்காரர்கள் இரண்டு பேர், ஒரு பண்ணைக்காரன், ஆறாவதாக மாஸி. கேட்காமலேயே வந்து முன்னால் தோள் கொடுத்திருந்தான். ஊர் முழுக்க சாலையில் தலை குனிந்து நின்றது.

டிம்ப்னா போய்க் கதவைத் திறந்தாள்.

"உள்ள கொண்டாங்க."

ஃபாதர் ஹான்லி அருகே வந்தார். "டிம்ப்னா, வாசல்ல நிறுத்தினா போதும்மா."

"அவருக்கு ரூமைக் காட்டணும், ஃபாதர். ரெடியாயிடுச்சுன்னு சொல்லியிருக்கேன்."

விதவை கேட்டால் யார் மறுப்பது? கூடத்தைத் தாண்டி, சமையலறையைத் தாண்டி, பெட்டியைச் சாய்த்துச் சாய்த்துக் கொண்டுபோனார்கள். அவள் தார்ப்பாயை விலக்கினாள். இடுப்பளவு சுவருக்குள் மழைத்தண்ணீர் குளமாக நின்றது. முன்னால் இருந்த மாஸிதான் முதலில் இறங்கவேண்டியிருந்தது. பளபளத்த சப்பாத்து சேற்றில் முங்கியது. பின்னாலேயே மற்றவர்கள். வீட்டைச் சுற்றி வந்த ஜனம் சுவருக்கு வெளியே நின்று பார்த்தது.

"ஜன்னலோரமா வைங்க," என்றாள் டிம்ப்னா.

ஆறு பேரும் காலடித் தண்ணீரைப் பார்த்தார்கள்.

"அத்தை, எங்க வைக்கிறது?" என்றான் அட்ராக்டாவின் இளைய மகன். "தரையே இல்லையே."

"மாஸியைக் கேளு. அவன் கட்டின ரூமு."

"அம்மா, தோள் விட்டுப்போகுது," என்றான் மாஸி.

"வெளிர்பச்சை டைல்ஸ் எங்க மாஸி? அவரு கேக்கிறாரு. கைப்பிடி எந்தப் பக்கம்?"

"அம்மா, எல்லாரும் பாக்கிறாங்க..."

"பாக்கட்டும். எந்தப் பக்கம்?"

அவன் முகத்திலிருந்து வியர்வை கொட்டியது. ஆறு பேருக்கும் கால் நடுங்கத் தொடங்கியது. "போதும்மா," என்றார் ஃபாதர். "எட்டு மாசமா நானும் அதைத்தான் சொன்னேன்," என்றாள் அவள், அவரைப் பார்க்காமலேயே. எனக்கு உள்ளுக்குள் அவ்வளவு சந்தோஷம். இன்னும் கொஞ்ச நேரம் நிற்கட்டும், ஊரே பார்க்கட்டும் என்றுதான் நினைத்தேன்.

அப்போது இளையவனின் கால் வழுக்கியது. பெட்டி ஒரு பக்கம் சரிந்து செங்கல் சுவரில் இடித்தது. உள்ளே கோல்மன் புரண்ட சத்தம் எல்லோருக்கும் கேட்டது. அட்ராக்டா வீறிட்டு அலறினாள். மாஸிதான் இடுப்பு வரை நனைய அந்தத் தண்ணீரில் மண்டியிட்டு, பெட்டி விழாமல் மார்பில் தாங்கினான்.

அந்த ஒரு நொடியில் எல்லாம் தலைகீழானது. கல்லறையில் யாரும் டிம்ப்னாவின் முகத்தைப் பார்க்கவில்லை. செத்த மனுஷனைச் சேற்றில் போட்டு உருட்டினாள் என்றார்கள். பாவம் அந்த மாஸி, நனைந்த துணியோடு பெட்டியைச் சுமந்தானே, அவனை இந்தப் பாடு படுத்தலாமா என்றார்கள். எட்டு மாதம் அவள் குடை பிடித்துக்கொண்டு சாலையைக் கடந்ததை இதே ஜனம் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறது. அதைப் பற்றி ஒருவர் வாயிலிருந்தும் ஒரு சொல் வரவில்லை.

அடக்கம் முடிந்ததும் ஹோட்டலில் சாப்பாடு. பெரிய கூடம் முழுக்க மேசை போட்டு, தட்டு வைத்து, சூப்பும் கோழியும் உருளைக்கிழங்கும் தயார். நானும் டிம்ப்னாவும் போய் உட்கார்ந்தோம். யாரும் வரவில்லை. தபால் ஆபீஸ்காரர்கள் வரவில்லை. அட்ராக்டா தன் மகன்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாள். ஃபாதருக்கு வேறு வேலை இருந்ததாம். பரிமாறுகிற பெண் இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டுப் போனாள்.

"வர்றவங்க வந்துடட்டும்," என்று டிம்ப்னா அவளிடம் சொல்லிக்கொண்டே இருந்தாள். கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கதவு திறந்தது. மாஸி. தொப்பி கையில், கால்சட்டை இடுப்பு வரை சேறு. வந்து அவள் கையைப் பிடித்தான்.

"உங்க துக்கத்துல நானும் பங்கெடுத்துக்கறேன்மா."

உட்கார்ந்தான். சூப் வந்தது. உறிஞ்சிக் குடித்தான். கோல்மன் எவ்வளவு நல்ல மனிதர், ஒரு கடிதமாவது தவறவிட்டிருப்பாரா என்று பேசினான். இரண்டாவது தடவை கோழி வாங்கிக்கொண்டான். பிறகு வாயைத் துடைத்துவிட்டு, ஆறுதலாகச் சொன்னான்.

"இனிமே அவசரம் ஒண்ணுமில்லையேம்மா. மெதுவா, நல்லபடியா முடிச்சிடலாம். அட்ராக்டா அம்மா அவங்க குளிக்கிற ரூமை மாத்தணும்னு இப்ப கல்லறையில கேட்டாங்க. அதை இடிச்சுப் போட்டுட்டு நேரா உங்ககிட்டதான்."

நான் சூப்புக் கிண்ணத்தை எடுத்துவிட்டேன். அவன் தலையில்தான் கவிழ்த்திருப்பேன். டிம்ப்னா மேசைக்கு அடியில் என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள். இன்னொரு கையால் கெண்டியை எடுத்து அவனுக்குத் தேநீர் ஊற்றினாள், சர்க்கரையும் போட்டுக் கலக்கிக் கொடுத்தாள்.

திரும்பும்போது காரில் கத்தினேன். "உனக்குப் பைத்தியமாடி? அவனுக்கு என்ன டீ வேண்டிக் கிடக்கு? மூஞ்சியில ஊத்தியிருக்கணும்!"

அவள் மடியில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அவனாவது வந்தானே," என்றாள்.

கிண்டலாகச் சொல்லவில்லை. மனதார, நன்றியோடு சொன்னாள்.