கௌரவ டாக்டரும் ஒரு பொத்தானும்

நாட்டின் குடிநீர் வரலாற்றில் பொன்னெழுத்துகளால் பொறிக்கப்பட வேண்டிய நிகழ்வொன்று, சென்ற வெள்ளிக்கிழமை காலை, பிஷ்கெக் நகரில் எங்கள் அலுவலகத்தின் மூன்றாவது மாடியில் நடந்தேறியது என்பதைச் சகலருக்கும் அறிவித்துக்கொள்கிறோம். எங்கள் இயக்குநர் தொலோமுஷ் இஸ்மாயிலோவிச் கௌரவ டாக்டர் ஆகிவிட்டார்.

எந்தப் பல்கலைக்கழகம் என்று கேட்டவர்களுக்குச் சுவரில் மாட்டிய பட்டத்தைக் காட்டினார். அதில் முத்திரை பெரிதாகவும் எழுத்து பொடியாகவும் இருந்தன.

மதியம் துணை அமைச்சர் வருகிறார். கிராமக் குடிநீர்த் திட்டங்களையெல்லாம் இணையதளத்தில், பெரிய திரையில் பார்ப்பார். அங்கே திட்டத் தலைவர் என்ற இடத்தில் வெறும் பெயர் மட்டும் இருந்தால் நாடு என்ன ஆவது?

"ஏம்மா நுர்ஸாத், எல்லாத் திட்டத்துலயும் என் பேருக்கு முன்னாடி டாக்டர்னு போட்டுடு. அப்புறம் கௌரவ உறுப்பினர், அப்புறம்... அந்தப் பட்டத்தைப் பாத்து எழுதிக்க. ஒண்ணு கூட விட்டுடாதே."

"விடமாட்டேங்க, தொலோமுஷ் இஸ்மாயிலோவிச்."

நாரின் என்ற தொலைதூர மலையூரிலிருந்து வந்து எங்களிடம் நிரல் எழுதும் பெண் நுர்ஸாத். அவளுடைய தகுதிகாண் காலம் அன்றோடு முடிகிறது. இயக்குநர் கையெழுத்துப் போட்டால் வேலை நிரந்தரம். போடாவிட்டால் நாரினுக்கு மார்ஷ்ருட்கா வேனில் ஏற வேண்டியதுதான்.

ஒவ்வொரு பக்கமாகத் திறந்து திருத்த அவளுக்கு நேரமில்லை. தேவையுமில்லை. ஏபிஐ என்றொரு பின்வாசல் இருக்கிறது. அதன் வழியாகக் கட்டளை அனுப்பினால் தளம் தன்னைத்தானே திருத்திக்கொள்ளும். கட்டளையில் இரண்டு வகை. 'பேட்ச்' என்பது கிழிந்த இடத்தில் மட்டும் ஒட்டுப்போடுவது. 'புட்' என்பது பழைய சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு, கொடுத்ததை மாட்டிவிடுவது. அவசரத்தில் நுர்ஸாத் அனுப்பியது புட். கொடுத்ததோ ஒரே ஒரு பொத்தான், இயக்குநரின் பெயரும் பட்டங்களும்.

எல்லாவற்றுக்கும் 'சரி' என்று பதில் வந்தது. மகா முட்டாள்தனத்துக்கும் மரியாதையாகச் சரி சொல்வதில் கணினி எங்கள் துறைத் தலைவர்களுக்குச் சளைத்ததல்ல.

ஒரு பக்கத்தைத் திறந்து பார்த்தாள். கிராமத்தின் பெயர் இல்லை. குழாயின் நீளம் இல்லை. முடிக்க வேண்டிய தேதி இல்லை. வெள்ளைத் திரையின் நடுவே கௌரவ டாக்டர் மட்டும் இருந்தார். அடுத்த பக்கத்திலும் அவரே. எல்லாப் பக்கத்திலும் அவரே.

பக்கத்து மேசை மெலிஸ் வாயில் போர்சோக் என்கிற பொரித்த மாவுத் துண்டோடு எட்டிப் பார்த்தார்.

"அட, புட்டா அனுப்பிச்ச?"

"பேரை மட்டுந்தானே மாத்தச் சொன்னாரு, பைகே..." அண்ணனைக் கூப்பிடும் முறையில் கூப்பிட்டாள் நுர்ஸாத்.

"மாத்துறதுக்கு முன்னாடி பழசை எடுத்து வச்சியா?"

அவள் இல்லையென்று தலையசைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"சரி, அழாதே தங்கச்சி. என் கம்ப்யூட்டர்ல பழைய பிரதி எங்கயாவது கிடக்கும், தேடுறேன். அதுவரைக்கும் துணை அமைச்சருக்கு டீ குடுத்துக்கிட்டே இருக்கச் சொல்லு."

துணை அமைச்சர் டீ வேண்டாமென்று நேராகக் கூட்ட அறைக்கு வந்துவிட்டார். நுர்ஸாத் தன் பீங்கான் கிண்ணத்தைத் துடைத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு, கடைசி வரிசையில் போய் நின்றாள். மெலிஸ் தேடுவதைப் பாதியில் விட்டுவிட்டுப் பின்னாலேயே வந்தார்.

தளத்தின் முகப்பில் தாமதமான திட்டங்களின் எண்ணிக்கை பெரிதாகத் தெரியும். எப்போதும் சிவப்பில் இருக்கும். அதைக் காட்டித் திட்டுவதற்காகவே துணை அமைச்சர் வருவார். அன்று அங்கே பச்சை நிறத்தில் பூஜ்யம் இருந்தது. முடிக்க வேண்டிய தேதி இருந்தால்தானே தாமதம் என்று ஒன்று இருக்க முடியும்?

துணை அமைச்சர் திரையருகே போனார்.

"ஒண்ணு கூடவா தாமதமில்ல?"

இயக்குநருக்கும் அது புதுச் செய்திதான். ஆனாலும் தொண்டையைச் செருமிக்கொண்டார். "டாக்டரானதுலேருந்து கொஞ்சம் முடுக்கி விட்டிருக்கேங்க."

"காலையிலதானய்யா ஆனீரு!"

சிரித்துக்கொண்டே ஒரு திட்டத்தைத் திறந்தார் துணை அமைச்சர். திரை முழுக்கப் பட்டங்கள்.

"இதுல கிராமத்துப் பேரு எங்க?"

இயக்குநர் நுர்ஸாத்தைத் திரும்பிப் பார்த்தார். அவள் வாயைத் திறப்பதற்குள் மெலிஸ் முந்திக்கொண்டார். "சுருக்கமா வச்சிருக்கோங்க. கூட்டம் சட்டுனு முடியட்டுமேன்னு."

துணை அமைச்சர் கடிகாரத்தைப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"இத்தனை வருஷத்துல எனக்கு முழுசாப் புரிஞ்ச மொத அறிக்கை இதுதான். அந்தப் போர்சோக் தட்டை இப்படி நகர்த்துங்க."

அவர் போர்சோக் தின்னும் நேரத்தில் மெலிஸ் நழுவிப்போய், தன் கம்ப்யூட்டரில் பழைய பிரதியைக் கண்டுபிடித்துவிட்டார். துணை அமைச்சரின் கார் வாசலைத் தாண்டியதும் இயக்குநர் நுர்ஸாத்தின் தாளில் கையெழுத்துப் போட்டார். அவளுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. மூச்சு வந்ததும் உண்மையும் வந்துவிட்டது.

"நான்தாங்க தப்பு பண்ணிட்டேன். எல்லாம் அழிஞ்சு போச்சு. மெலிஸ் பைகேகிட்ட இப்ப பழைய பிரதி கிடைச்சிடுச்சு. இன்னைக்கே திரும்பப் போட்டுடறேன்."

"போடும்மா, போடு. கிராமம், குழாய் எல்லாம் போடு." இயக்குநர் சற்று யோசித்தார். "தேதியுமா வரும்?"

"ஆமாங்க."

"அதை மட்டும் விட்டுடு."

இந்த முறை நுர்ஸாத் பேட்ச் அனுப்பினாள். அனுப்பிவிட்டுக் கிண்ணத்தைப் பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தாள். மெலிஸ் அதில் டீ ஊற்றினார். மூன்றாவது மாடியே நிம்மதியாக இருந்தது.

அந்தக் கிராமங்களில் இன்னும் தண்ணீர் வரவில்லை.