கலங்கல் வைன்

மகாதேவன் அருந்தவனுக்குக் கொடுக்க வேண்டியது எழுநூற்று நாற்பத்திரண்டு டொலர். மல்கிரேவில் அவருடைய வீட்டுக் குசினியில், அடுப்படி முழுக்க டைல்ஸ் பதித்த கூலி. பதித்து ஐந்து மாதம். கேட்டால், "வீட்டுக் கடன் வட்டி ஏறிப்போச்சு தம்பி, கை இறுக்கமாக் கிடக்கு" என்பார். அந்த இறுக்கமான கையால்தான் தன் அறுபதாவது பிறந்தநாளுக்கு முப்பது பேரைக் கூப்பிட்டிருந்தார். அருந்தவனையும் சேர்த்து.

அருந்தவன் வேலைக்குச் சாமான் ஏற்றி ஓட்டும் யூட் வண்டியின் ரெஜிஸ்ட்ரேஷன் திங்களோடு முடிகிறது. கட்டாவிட்டால் வண்டி ஓடாது. வண்டி ஓடாவிட்டால் பிழைப்பும் ஓடாது. இருந்த ஒரே நல்ல சட்டையை, கொலர் வைத்த சேட்டைப் போட்டுக்கொண்டு விருந்துக்குப் போனான்.

வாசலிலேயே மகாதேவன் தோளில் கை போட்டார். "வாரும் தம்பி. உந்த ஐஸ் பெட்டியை ஒருக்கா உள்ள தூக்கி வையும்."

விருந்தாளிக்கு உரிய மரியாதை அதோடு முடிந்தது.

பெட்டிக்குள் பன்னிரண்டு போத்தல். மகாதேவன் ஒன்றை உயர்த்திப் பிடித்தார்.

"இது ஷம்பேன் இல்லை. அதை ஆரும் குடிப்பினம். இது பிரான்ஸிலை லிமூ எண்ட ஊரிலை செய்யிற பிளாங்கெட் எண்ட நுரை வைன். ஷம்பேனுக்கும் முந்தினது, சாமிமார் மடத்திலை கண்டுபிடிச்சதாம். போத்தலுக்குள்ளையே கிடந்து புளிச்சு, தானா நுரைக்கும்."

ஐந்து மாதம் உள்ளுக்குள்ளேயே கிடந்து புளிப்பதைப் பற்றி அருந்தவனுக்கு யாரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை.

போத்தலின் அடியில் வெள்ளையாக மண்டி படிந்திருந்தது. மகாதேவன் அதை இருமல் மருந்துபோல நன்றாகக் குலுக்கினார்.

"ஆட்டவேண்டாம் எண்டல்லோ கடைக்காரன் சொன்னவன்" என்றார் அவர் மனைவி வைதேகி.

"எனக்குத் தெரியும், நீர் பேசாம இரும்."

தக்கை சீலிங்கில் போய் அடித்தது. பாதி வைன் அருந்தவனின் நல்ல சேட்டில் இறங்கியது. மீதி கிளாசுகளில் கஞ்சித் தண்ணிபோல நின்றது.

விருந்துக்கு வந்திருந்த சிவகௌரி அன்ரி முகர்ந்து பார்த்துவிட்டுக் கிளாசை மேசையில் வைத்தார். "மகாதேவன், இது பழுதாப்போச்சு. கள்ளுமாதிரி எல்லோ கிடக்கு."

மகாதேவனின் முகம் கறுத்தது. "அன்ரி, போத்தல் ஒண்டு நாப்பத்திரண்டு டொலர். பன்னிரண்டு வாங்கினனான். நல்ல சாமான் எண்டால் நான் காசு பாக்கிறேல்லை."

அருந்தவன் ஒரு வாய் குடித்தான். மெல்லிய இனிப்பு, பழுத்த அப்பிள் மணம், நாக்கில் சின்னச் சின்னக் குமிழ். நன்றாகத்தான் இருந்தது. அதுதான் அவனுக்கு ஆத்திரம்.

"அண்ணை சொல்லுறது சரி அன்ரி, அருமையான சாமான். அவர் காசு பாக்காத மனிசன். அதாலைதான் என்ரை டைல்ஸ் காசு எழுநூற்றி நாப்பத்திரண்டையும் அஞ்சு மாசமாப் பாக்கேல்லை."

வந்திருந்த எல்லாரும் மகாதேவனைப் பார்த்தார்கள்.

வைதேகி கையிலிருந்த வடைத் தட்டை இறக்கி வைத்தார். "அதைக் குடுத்தாச்சு எண்டல்லோ எனக்குச் சொன்னனீங்கள்."

மகாதேவன் போனை எடுத்தார். தடவினார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரும்பவும் தடவினார். அருந்தவனின் பொக்கற்றுக்குள் போன் கிணுங்கியது. பாங்குக் கணக்குக்கு வந்திருந்தது எழுநூறு.

"மிச்ச நாப்பத்திரண்டு, அண்ணை?"

"ஒரு போத்தல் உம்மடை சேட்டிலைதானே போச்சு, தம்பி."

அருந்தவன் குனிந்து சேட்டைப் பார்த்தான். அது இன்னும் மெல்ல நுரைத்துக்கொண்டிருந்தது. ரெஜிஸ்ட்ரேஷனுக்கு எழுநூறு போதும். மிச்ச நாற்பத்திரண்டைத் தள்ளுபடி செய்தான். சாமிமார் மடத்து வைனில் குளிப்பதென்றால் அவ்வளவாவது ஆகாதா என்ன?