ஹிஃப்ஸா பிரித்துக் கொடுத்த சொல்

ஆமிராவை ஷார்ஜாவுக்குக் கூட்டிவந்ததே ஹிஃப்ஸாதான். அதை நினைக்கும்போதெல்லாம் தன் தலையில் தானே அடித்துக்கொள்ளலாம் போலிருக்கும் அவளுக்கு. காயல்பட்டினத்தில் பக்கத்துத் தெருப் பிள்ளை, இங்கிலீஷ் எம்.ஏ. படித்துவிட்டுச் சும்மா இருக்கிறதே என்று இரக்கப்பட்டு, இன்ஸ்டிட்யூட் முதலாளி கலீல் ரஹ்மானிடம் சொல்லி வேலை வாங்கிக் கொடுத்து, ரோலா பகுதியில் தன் ரூமிலேயே ஒரு கட்டிலும் போட்டுக் கொடுத்தாளே, அவளைச் சொல்ல வேண்டும்!

பதினொரு வருடமாக அந்த இன்ஸ்டிட்யூட்டில் ஹிஃப்ஸா ஸ்போக்கன் இங்கிலீஷ் எடுக்கிறாள். ஒரு நாள் லேட் கிடையாது, ஒரு ஸ்பெல்லிங் தப்பு கிடையாது. வகுப்பு முடிந்ததும் "தேங்க்யூ மேடம்" என்று சொல்லிவிட்டு எல்லோரும் பையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். ஆமிரா வந்து எட்டே மாதம். அதற்குள் உக்ரைன் பெண்கள் பேட்ச் அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறது. சலூனிலும் ஹோட்டலிலும் வேலை பார்க்கிற பன்னிரண்டு பெண்கள். ஒருத்தி தேன் கேக் செய்து கொண்டுவருகிறாள். இன்னொருத்தி வாசலிலேயே காத்து நின்று கட்டிப்பிடிக்கிறாள். அப்படி என்ன சொக்குப்பொடி போட்டாளோ!

ஹிஃப்ஸாவுக்கு வயிறு எரிந்தது. அந்தக் கேக்கில் பாதியை எடுத்து வைத்து, "லாத்தா, உங்களுக்கு" என்று அக்கா முறை சொல்லி ஆமிரா நீட்டினால், "எனக்கு சுகர்" என்று பொய் சொல்வாள். அவள் குளிக்கப் போனதும் இரண்டு துண்டு எடுத்துத் தின்பாள். கேக் நன்றாகத்தான் இருக்கும். அதில்தான் இன்னும் எரிச்சல்.

இந்த லட்சணத்தில் ஒரு நாள் கலீல் ரஹ்மான் இருவரையும் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"ரெண்டு பேட்சையும் ஒண்ணாக்கப் போறேன். ஒரு டீச்சர் போதும். ஹிஃப்ஸாம்மா, உங்க விசா வேற அடுத்த மாசம் முடியுது. ரெண்டு பேரும் ஆளுக்கு ஒரு கிளாஸ் எடுங்க, நான் உக்காந்து பாக்குறேன். ஒருத்தருக்குத்தான் விசா அடிக்க முடியும். மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்க."

எப்படி வைத்துக்கொள்ளாமல் இருப்பது? விசா போனால் ஹிஃப்ஸா ஊருக்குப் போய்த் தம்பி வீட்டு மாடியறையில் கிடக்க வேண்டும். நாற்பத்து மூன்று வயதில், தலாக் ஆனவள், தம்பி பெண்டாட்டி முகம் பார்த்துச் சோறு தின்ன வேண்டும்.

அந்த இன்ஸ்டிட்யூட்டில் ஒரு வழக்கம் உண்டு. வாரம் ஒரு சொல். ஓர் இங்கிலீஷ் சொல்லை எடுத்து, அதன் அர்த்தங்கள், அதை வைத்துப் பேசுகிற பேச்சுகள் எல்லாவற்றையும் ஒரு தாளில் அச்சடித்துக் கொடுப்பார்கள். ஒரு பக்கம் இங்கிலீஷ், மறுபக்கம் மாணவிகளின் மொழி. எந்தச் சொல் யாருக்கு என்று பிரித்துக் கொடுப்பது சீனியர் டீச்சரின் உரிமை. ஹிஃப்ஸா 'ரன்' என்ற சொல்லைத் தனக்கு வைத்துக்கொண்டாள். ஆமிராவுக்கு 'டை' கொடுத்தாள். ஓட்டம் இவளுக்கு, சாவு அவளுக்கு.

தெரியாமல் கொடுத்துவிட்டாள் என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். ஆமிராவின் வாப்பா மௌத்தாகி, அடக்கம் முடிந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. அப்போது பாஸ்போர்ட் விசா வேலைக்காகப் போயிருந்தது, பெண்ணால் ஊருக்குப் போக முடியவில்லை. இன்றைக்கும் யாராவது கேட்டால், "வாப்பா ஊர்ல இருக்காங்க" என்றுதான் சொல்வாள். பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுவாள். ஒரே ரூமில் இருக்கிற ஹிஃப்ஸாவுக்கு இதெல்லாம் தெரியாதா? அந்தப் பன்னிரண்டு பெண்களில் பாதிப்பேர் வீட்டு ஆண்கள் போரில் இருப்பதும் தெரியும். அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு ஆமிராவால் பத்து நிமிடம் தாண்ட முடியாது என்று கணக்குப் போட்டுத்தான் கொடுத்தாள்.

"லாத்தா, வேற சொல் இல்லையா?" என்று ஆமிரா தாளைப் பார்த்தபடி கேட்டாள்.

"கலீல் பாய் சொன்னது. நான் என்ன செய்ய?" என்று கூசாமல் சொன்னாள் ஹிஃப்ஸா.

உக்ரைன் பேட்ச் முன்னால் முதலில் ஹிஃப்ஸாவின் வகுப்பு. மூக்கு ஓடுவது முதல் கடை ஓடுவது வரை 'ரன்' என்ற சொல்லுக்கு இருபத்தோர் அர்த்தங்களையும் பிசகில்லாமல் சொல்லி முடித்தாள். கலீல் ரஹ்மான் தலையாட்டிக் குறித்துக்கொண்டார். இரண்டு பெண்கள் கொட்டாவி விட்டார்கள்.

பிறகு ஆமிரா எழுந்தாள். ஹிஃப்ஸா பின்வரிசையில் முதலாளிக்குப் பக்கத்து நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். ஆரம்பமே கலகலப்பாக இருந்தது. போன் பேட்டரி செத்துப்போவது, ஒரு காபிக்காகச் செத்துக்கொண்டிருப்பது, காற்று மெல்ல அடங்குவது, சிரித்துச் சிரித்தே செத்துப்போவது. "எங்க பாஷையிலயும் சிரிச்சே சாவோம்!" என்று கத்தினாள் ஹோட்டல் ரிசப்ஷனில் இருக்கிற ஹாலினா. வகுப்பே சிரித்தது. அடப்பாவிகளா, சாவைச் சொன்னாலும் இவளிடம் சிரிக்கிறார்களே என்று ஹிஃப்ஸா பல்லைக் கடித்தாள்.

தாளின் கடைசி வரியில்தான் அந்தச் சொல்லின் நேர் அர்த்தம் இருந்தது. உதாரணம் எழுத வேண்டும். ஆமிரா போர்டில் 'மை ஃபாதர்' என்று எழுதினாள். அதற்கு மேல் கை ஓடவில்லை. திரும்பி நின்று வாயால் சொல்லப் பார்த்தாள். நாற்காலி நுனியில் உட்கார்ந்து, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள்.

ஹிஃப்ஸாவுக்கு மனசு குளிர்ந்தது. அரை நிமிடம்தான்.

ஹாலினா எழுந்து போய் அவளைத் தோளோடு அணைத்துக்கொண்டாள். பிறகு வகுப்பைப் பார்த்து இங்கிலீஷில் நிறுத்தி நிதானமாகச் சொன்னாள்: "என் தம்பி இறந்துவிட்டான். மார்ச் மாதம்." ஜன்னலோரப் பெண் எழுந்தாள். "என் கணவர் இறந்துவிட்டார்." இன்னொருத்தி, "என் அம்மா. குளிர்காலத்தில்." ஒருத்தி பின் ஒருத்தியாகப் போய் ஆமிராவைச் சுற்றி நின்றுகொண்டார்கள். ஆமிராவும் கடைசியில் அந்த வாக்கியத்தை முழுசாகச் சொல்லிவிட்டாள். கலீல் ரஹ்மான் இருமிக்கொண்டே வெளியே போய்விட்டார்.

பின்வரிசையில் ஹிஃப்ஸா மட்டும் உட்கார்ந்திருந்தாள். விமானமெல்லாம் நிறுத்தி வைத்திருந்த அந்தக் கொரோனா வருடத்தில்தான் அவள் உம்மா மௌத்தானது. செய்தி வந்து ஒரு மணி நேரத்தில் அவளுக்கு ஆன்லைன் வகுப்பு. சரியான நேரத்துக்குக் கேமரா முன்னால் உட்கார்ந்து எடுத்து முடித்தாள். அவளும் யாரிடமும் சொல்லவில்லை. யாரும் அவள் முகத்தைப் பார்த்து என்னவென்று கேட்கவும் இல்லை. எனக்கு மட்டும் ஏன் ஒருத்தியும் எழுந்து வரவில்லை? ஒருத்தி அழுகிற அழுகையைப் பார்த்துமா இன்னொருத்தி பொறாமைப்படுவாள் என்று கேட்காதீர்கள். பட்டாள். தேன் கேக்குக்குப் பட்டதை விடப் பத்து மடங்கு பட்டாள்.

"டீச்சரே உக்காந்து அழுதா கிளாஸ் எப்படி நடக்கும்? விசா உங்களுக்குத்தான்" என்று மாலையில் ஹிஃப்ஸாவைக் கூப்பிட்டுச் சொன்னார் கலீல் ரஹ்மான். ஹிஃப்ஸா ஜெயித்துவிட்டாள்.

ரூமுக்கு வந்ததும் ஆமிரா ஓடிவந்து கட்டிக்கொண்டாள். "நல்லவேளை லாத்தா, அந்தச் சொல்ல எனக்குக் குடுத்தீங்க. நாலு மாசமா தொண்டையிலயே நின்னுச்சு. அல்லாஹ் உங்களுக்கு நல்லது செய்யட்டும்."

ஹிஃப்ஸாவின் கை அவள் முதுகுக்குப் போகவே இல்லை. ஹாலினா தன் ஹோட்டலிலேயே ஆமிராவுக்கு ஒரு வேலை பிடித்துக் கொடுத்துவிட்டாளாம். வியாழக்கிழமை அந்தப் பெண்களே வந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

திங்கட்கிழமை ஒன்றாக்கிய பேட்சுக்கு முதல் வகுப்பு. ஹிஃப்ஸா ஆமிராவின் அந்தப் பழைய தாளையே மறுபடி அச்சடித்து எடுத்துவந்தாள். பாடம் பாதியில் நின்றுவிட்டது, முடித்துக்கொடுக்க வேண்டியது தன் கடமை என்று தனக்கே சாக்குச் சொல்லிக்கொண்டாள். உண்மை வேறு. கடைசி வரிக்கு என்ன எழுதுவது என்று மூன்று நாளாகக் கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்திருந்தாள். 'மை மதர்' என்று தொடங்குகிற வாக்கியம். சொல்லும்போது யாராவது ஒருத்தி எழுந்து வந்தால் போதும்.

எல்லோருக்கும் தாளைக் கொடுத்தாள். ஹாலினா தாளைப் பார்த்துவிட்டு மரியாதையாகக் கையை உயர்த்தினாள்.

"மேடம், இந்தச் சொல்லை நாங்கள் ஆமிரா டீச்சரிடம் முடித்துவிட்டோம். அடுத்த சொல்லுக்குப் போகலாமா?"

உக்ரைன் பெண்கள் பன்னிரண்டு பேரும் ஆமாம் என்று தலையாட்டினார்கள்.

"ஷ்யூர்" என்றாள் ஹிஃப்ஸா. கொடுத்த தாள்களை ஒவ்வொன்றாகத் திரும்ப வாங்கி மேஜையில் அடுக்கினாள். தொண்டையில் உம்மா நின்றுகொண்டிருந்தாள். போர்டுப் பக்கம் திரும்பி அடுத்த சொல்லை எழுதினாள். ஸ்பெல்லிங் சரியாகத்தான் இருந்தது.