எலிஹியோவின் வலது கால்

"ஒரே ஒரு நிமிஷம் ஆடாம நில்லுங்க, ஐயா," என்றாள் சிற்பி நெரெய்தா. மூன்றாவது முறை.

எலிஹியோ மொந்தாஸால் நிற்க முடியவில்லை. வடக்கே, அமெரிக்காவின் பெரிய பேஸ்பால் லீக்கில் பத்தொன்பது வருடம் முதல் பேஸைக் காத்தவர். ஜனவரியில் அவரைப் பேஸ்பால் புகழ் மண்டபத்துக்குத் தேர்ந்தெடுத்தார்கள். அன்றிலிருந்து ஒரு நாற்காலியில் பத்து நிமிடம் சேர்ந்தாற்போல் உட்கார்ந்ததில்லை; ஏற்புரையை நாலு முறை எழுதிக் கிழித்தாயிற்று.

சொந்த ஊரான அசுவாவின் நகராட்சி அவருக்கு வெண்கலச் சிலை வைக்கிறது. எந்தக் கோலம் என்று யாரும் கேட்கவில்லை. இருபத்தாறு வருடத்துக்கு முந்தைய குளிர்கால லீக் இறுதி ஆட்டம், கடைசி அவுட்: இடது கால் முன்னே நீண்டிருக்க, கையுறையில் பந்து, வலது கால் பேஸ் என்கிற சதுரத் திண்டின் மேல். பந்தைப் பிடிக்கும்போது அந்தக் கால் பேஸைத் தொடாவிட்டால் ஓடி வருபவன் தப்பிவிடுவான்.

அம்பயர் கண்ணால் காலைப் பார்ப்பார். பந்து கையுறையில் அறைவதைக் காதால் பிடிப்பார். கால் ஒரு இமைப்பொழுது முன்னதாக எழுந்தால், பந்து எப்போதோ வந்துவிட்டதுபோல் அவருக்குத் தோன்றும். முதல் பேஸில் நிற்பவர்கள் பலரும் செய்வதுதான். எலிஹியோ அதில் கைதேர்ந்தவர்.

அன்று ஓடி வந்தவன் ஹசிந்தோ. கால் படவில்லை என்று கத்தி அம்பயரைத் தள்ளினான். இரண்டு வருடத் தடை. அத்தோடு அவன் ஆட்டம் முடிந்தது. எலிஹியோவை அந்த வாரமே வடக்கே அழைத்துக்கொண்டார்கள். பைக் டாக்சி ஓட்டும் ஹசிந்தோ இப்போது, அவர் சிலைக்கு நிற்கும் அதே நகராட்சி முற்றத்தில், பாதாம் மரத்தடியில் டாமினோ ஆடிக்கொண்டிருந்தான்.

"டேய் கொக்கு!" கட்டையை மேசையில் அறைந்தான். "என்னடா நெளியுற? எறும்பு கடிக்குதா? காலைப் பத்திரமா ஊணு!"

"ஆரம்பிச்சுட்டான்யா," என்றான் எதிரே இருந்தவன். "ஓடத் தெரியாதவன் அடுத்தவன் காலைக் குத்தம் சொன்னானாம்."

எல்லோரும் சிரித்தார்கள். ஹசிந்தோவும் சேர்ந்து சிரித்தான். அதைத்தான் எலிஹியோவால் தாங்க முடியவில்லை. மாதிரிக்கு வைத்திருந்த பேஸை விட்டு இறங்கினார். தண்ணீர் குடித்தார். வாசல்வரை போய்த் திரும்பி வந்து, பழையபடி காலை நீட்டி நின்றார்.

"நெரெய்தா, வலது காலைத் தூக்கின மாதிரி செய்."

"எதுக்கு?"

"அன்னிக்கு என் கால் பேஸ்ல படல."

டாமினோ மேசையில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஐயா, சிலை நிக்காது. ஊரும் சிரிக்கும்."

"உள்ளே கம்பி குடு. சிரிச்சா சிரிக்கட்டும்." வலது காலை ஒரு சாண் உயர்த்திக் காட்டினார்.

ஹசிந்தோ எழுந்து வந்தான். குந்தி உட்கார்ந்து அவர் கணுக்காலைப் பிடித்தான்.

"அவ்வளவு இல்லடா. இப்பவும் கூட்டித்தான் சொல்லுவியா?"

காலை மெல்லக் கீழே அழுத்தினான். பேஸுக்கும் செருப்புக்கும் நடுவில் இரண்டு விரலைக் கிடத்தினான்.

"இவ்வளவுதான். ஏம்மா, வந்து அளந்துக்கோ."