மூன்று நாள் எடுக்காத வாளிகள்

விடிவதற்குள் உறைபனி தெருவை வெள்ளையாக்கியிருந்தது. வாளியின் இரும்புப் பிடி விரலில் ஒட்டிக்கொண்டு தோலைப் பிய்த்தது. எங்கள் குடியிருப்பில் ஒவ்வொரு கழிப்பறைக்கும் பின்புறம் முழங்கால் உயரத்தில் ஒரு தகரக் கதவு இருக்கும். அதைத் தூக்கிக் கையை உள்ளே விட்டு, வாளியை இழுத்து, தோளில் ஏற்றி, டிராக்டர் இழுத்துவரும் தொட்டிவரை நடக்க வேண்டும். கால் இடறினால் வாளியில் இருக்கும் மலம் கழுத்து வழியாக முதுகுக்குள் இறங்கிவிடும். நான், போனிசிலே, நோசூக்கோ என மூன்று பேர், நூற்றெண்பது வாளி. ஊர் எழுந்து முகம் கழுவுவதற்குள் முடிக்க வேண்டும்.

வெள்ளையர் ஆட்சியில் என் அப்பா இதே தெருவில் வாளி தூக்கினார். கறுப்பர்கள் நாங்கள் ஓட்டுப் போடத் தொடங்கிப் பதினேழு வருஷமாகியும் நான் தூக்குகிறேன். ஒரு வித்தியாசம் உண்டு. அப்பாவுக்கு நகராட்சி ரப்பர் கையுறை கொடுத்தது. இப்போது வேலையை டெண்டர் எடுத்திருக்கும் கம்பெனி அதுவும் கொடுப்பதில்லை.

அன்று போனிசிலே ஒரு கதவுக்குள் கையை விட்டான். கையை வெளியே எடுத்து அதையே பார்த்துக்கொண்டு நின்றான். உள்ளங்கையில் பாட்டில் துண்டு நட்டுக்கொண்டு நின்றது. நோசூக்கோ தலைத்துணியை அவிழ்த்து இறுகக் கட்டினாள்.

"பாட்டிலைப் போயி வாளியில போடுவாங்களா? புத்தி வேணாம்?" என்றேன்.

"வேற எங்க போடுவாங்க? குப்பை வண்டி வந்து ரெண்டு மாசம் ஆச்சு," என்றாள்.

போனிசிலே இடது கையால் மிச்ச வாளிகளைத் தூக்கினான். தூக்காவிட்டால் அன்றைக் கூலி இல்லை.

நான்காம் நாள் கை பிசைந்துவைத்த மாவுபோலப் பொங்கியிருந்தது. ஆஸ்பத்திரியில் இரண்டு விரலை எடுக்க வேண்டும் என்றார்கள். வேலையில் பட்ட காயம் என்று முதலாளி கையெழுத்துப் போட்டால் நஷ்டஈடு கிடைக்கும் என்று ஒரு படிவமும் கொடுத்தார்கள். அதை எடுத்துக்கொண்டு கம்பெனி மேற்பார்வையாளரிடம் போனோம்.

"தொழிலாளியா? எங்ககிட்ட ஒரு தொழிலாளிகூடக் கெடையாதே," என்றான் அவன். பெட்டியைத் திறந்து ஒரு காகிதத்தை எடுத்துப் போட்டான். அதன்படி நாங்கள் கம்பெனியின் ஆட்கள் இல்லை, சொந்தத் தொழில் செய்பவர்கள். காயம் பட்டால் அவரவர் பொறுப்பு. கீழே எங்கள் மூன்று பேரின் கையெழுத்து. முதல் கையெழுத்து என்னுடையது.

அதைப் போட்ட நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. காகிதத்தைக் கொண்டுவந்தவன் எங்கள் கவுன்சிலர் தோபிலே. நானும் அவனும் ஒரே பருவத்தில் மலைக்குப் போய் விருத்தசேதனம் செய்துகொண்டு ஆண்களாகத் திரும்பியவர்கள். எண்பத்தைந்தில் ராணுவ வண்டி வந்தபோது, டயர் எரிந்த தெருவில் என் பக்கத்தில் நின்றவன். வாளி தூக்கும் எங்கள் மூவரில் எழுத்துத் தெரிந்தவன் நான்தான்; மற்ற இருவருக்கும் பெயர் போட மட்டும் தெரியும். நாற்பது வயதில் கற்ற எழுத்து. ஒரு பக்கம் படிக்க அரைமணி ஆகும். அவன் பேனாவை நீட்டிக்கொண்டு நிற்கையில் வரிவரியாக விரல் வைத்துப் படித்தால், அவனைச் சந்தேகப்பட்டதாக ஆகாதா? படிக்காமல் போட்டேன். "ஸோலிலே போட்டா சரியாத்தான் இருக்கும்" என்று மற்ற இருவரும் போட்டார்கள்.

குளித்து, சர்ச்சுக்குப் போடும் சட்டையை மாட்டிக்கொண்டு நானும் போனிசிலேயும் தோபிலே வீட்டுக்குப் போனோம்.

"வா ராடெபே, வா!" என்று குலப்பெயர் சொல்லிக் கூப்பிட்டான். எங்களில் குலப்பெயரால் கூப்பிட்டால் பாதிக் கோபம் இறங்கிவிடும். அது அவனுக்குத் தெரியும்.

அவன் மனைவி ஓடிவந்து சோபாவில் செய்தித்தாளை விரித்தாள். போனிசிலே குனிந்து பார்த்தான். தாளில் தோபிலேயின் தேர்தல் படம்.

"அண்ணே, உங்க மூஞ்சி மேலதான் உக்காரணும்போல. பரவாயில்லையா?"

தோபிலே சிரிக்கவில்லை. "கை எப்படி இருக்கு?"

"ரெண்டு விரல் போகுது. கம்பெனி கையெழுத்துப் போட்டா பிள்ளைங்களுக்குச் சோறாவது மிஞ்சும்."

"கம்பெனி விஷயத்துல நான் தலையிட முடியாதுப்பா. ஜனநாயகத்துல எல்லாத்துக்கும் ஒரு முறை இருக்கு."

"கம்பெனி உன் மச்சானோடது," என்றேன்.

"டெண்டர் முறைப்படி கெடைச்சது, ராடெபே."

"அந்தக் காகிதத்தை நீதான் கொண்டுவந்து நீட்டின."

"நீட்டினேன். நீ படிச்சுட்டுத்தான போட்ட? உனக்கு எழுத்துத் தெரியுமே!"

வீட்டுக்குள்ளே எங்கேயோ யாரோ கழிப்பறைப் பிடியை அழுத்த, தண்ணீர் இரைந்து இறங்கியது.

"வெள்ளைக்காரன் முந்நூறு வருஷமாக் கெடுத்து வச்சது. பதினேழு வருஷத்துல எல்லா வீட்டுக்கும் குழாய் வந்துடுமா? பொறுமை வேணும்," என்றான்.

"பொறுமை இருக்குண்ணே. விரல்தான் இருக்காது," என்றான் போனிசிலே.

தோபிலே எழுந்துவிட்டான். "போராட்டம் கீராட்டம்னு எறங்கினீங்கன்னா, நாளைக்கே வேற ஆளுங்க வருவாங்க. வேலையில்லாம நிக்கிறவன் தெருவுக்கு நூறு பேர்."

மறுநாள் வாளி எடுக்கவில்லை. ஊரில் எங்களைப்போல் வாளி தூக்கும் மற்ற ஆறு குழுக்களும் சேர்ந்துகொண்டன. கம்பெனி கொண்டுவந்த புது ஆட்கள் முதல் தகரக் கதவைத் திறந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். மூன்று நாளில் வாளிகள் வழிந்தன. தெருவில் நடக்கும்போது முகத்தைத் தூக்க முடியவில்லை. எங்கள் சண்டை கம்பெனியோடு. நாறியது எங்கள் ஜனங்களின் வீடு.

"ஏ ஸோலிலே!" என்று வேலிக்கு மேல் கத்தினாள் நோதெம்பா அம்மா. அவள் காய்ச்சும் பீரை அவள் வீட்டில் குடிக்க நானும் போவதுண்டு. "ஒம்போது பேருக்கு ஒரு வாளிடா! எங்க போறது? கட்சித் தொப்பி ஒண்ணு வச்சிருக்கியே, அதக் கொண்டா, அதுல போறோம்!"

வீட்டுக்கு நடந்தேன். அன்று தொப்பியை அடுப்பில் போட்டேன்.

சனிக்கிழமை சமூகக் கூடத்தில் தோபிலே கூட்டம் போட்டான். எங்கள் மேல் ஊரைத் திருப்பிவிடத்தான். மூக்கைத் துணியால் மூடியபடி வந்த சனம் கூடம் நிறைய நின்றது.

"உங்க குழந்தைங்களுக்கு வயித்துப்போக்கு. யாரால? இந்த ஏழு குழுவால! விடுதலைக்கு ரத்தம் சிந்தின தெரு இது. அதை நாற வச்சுட்டாங்க!"

எல்லாத் தலையும் எங்கள் பக்கம் திரும்பியது. நோதெம்பா அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு என் முன்னால் வந்தாள். "அவர் சொல்றது இருக்கட்டும். நீ ஏன் எடுக்கமாட்டேங்கிற? வாயத் தொறந்து சொல்லு."

எனக்குக் கூட்டத்தில் பேசத் தெரியாது. போனிசிலேயின் கட்டுப்போட்ட கையைத் தூக்கிக் காட்டினேன். காகிதத்தில் எழுதியிருப்பதைச் சொன்னேன். பிறகு, சொல்ல நினைக்காததையும் சொன்னேன்.

"நான் அதைப் படிக்கல. கொண்டுவந்தது தோழர்னு படிக்காமப் போட்டேன். இவங்களையும் போட வச்சேன். இவன் விரலுக்கு நானும் பொறுப்பு."

கூடத்தில் முணுமுணுப்பு எழுந்தது. தோபிலே அதை வளரவிடவில்லை. முஷ்டியை உயர்த்தி, முப்பது வருஷமாக எங்களை எழுப்பிய குரலில் முழங்கினான்.

"அமாண்ட்லா!"

அதிகாரம் என்று ஒருவர் முழங்கினால், நம்முடையது என்று பொருள்பட "அவேத்து" என்று கூட்டம் திருப்பிக் கொடுக்க வேண்டும். சவ ஊர்வலத்தில்கூட அதற்குப் பதில் வராமல் நான் கேட்டதில்லை.

பதில் வரவில்லை.

"அமாண்ட்லா!" என்றான் மறுபடி. முன்வரிசையில் ஒரு குழந்தை மட்டும் சிரித்தது. உயர்த்திய கையை என்ன செய்வதென்று தெரியாமல் தோபிலே கைக்கடிகாரத்தைப் பார்த்தான். வேறொரு கூட்டம் இருப்பதாகச் சொல்லிவிட்டு வண்டியேறினான்.

ஜெயித்தோம் என்று யாரும் குதிக்கவில்லை. வரும் திங்கட்கிழமை போனிசிலேக்கு அறுவைச் சிகிச்சை. படிவத்தில் கையெழுத்து இல்லை. வாளிகள் வழிந்தபடிதான் இருந்தன.

"நாம கம்பெனி ஆளுங்க இல்லைன்னு அந்த மேற்பார்வையாளன் சொல்றான்ல," என்றாள் நோசூக்கோ. "வருஷக்கணக்கா தெனம் நாம கம்பெனி டிராக்டர் பின்னாடி போறதை இந்தத் தெரு பூராப் பாத்திருக்கு. அதை எழுதி எல்லாரும் கையெழுத்துப் போட்டா? தொழிலாளர் கோர்ட்டுல வைக்கலாம்ல?"

"எழுதுடா," என்றாள் நோதெம்பா அம்மா. "வேலையையும் நிறுத்தியே வை. எங்க வாளிய நாங்களே தூக்கிட்டுப் போயி கம்பெனி வாசல்ல எறக்குறோம். எத்தன நாளானாலும் சரி."

பள்ளிநோட்டின் தாளில் எழுதினேன். கோணல் எழுத்து, ஒரு பக்கம் நிரம்ப வெகுநேரம் ஆனது. யாரும் போகவில்லை. வரிசை கூடத்தைத் தாண்டி வெளியே வெயிலுக்கு நீண்டது. முதலில் நின்றவள் நோதெம்பா அம்மா. அவளுக்கு எழுதத் தெரியாது. மையைக் கட்டைவிரலில் தடவிக்கொண்டாள். நான் தாளை அவள் பக்கம் தள்ளினேன்.

அவள் விரலைத் தாளில் வைக்கவில்லை.

"மொதல்ல படி. ஒரு வரி விடாம, எல்லாருக்கும் கேக்குற மாதிரி படி. அப்புறம் வைக்கிறேன்."

பின்னால் நின்றவர்கள் நெருங்கி வந்தார்கள். நான் முதல் வரியில் விரல் வைத்து, எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கினேன்.