பதினேழு சென்டிமீட்டர்

"ஏனுங்க அம்மணி, இத்துனூண்டு போர்டுல எல்லாமே இருக்குதுங்களா?"

வால்பாறையிலிருந்து வந்த ஜெரோம் அன்றைக்கு அப்படித்தான் கேட்டார். காந்திபுரத்தில் கலீல் ரஹ்மானின் கம்ப்யூட்டர் கடையில் மதிவதனி வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அதுவரை அவளிடம் யாரும் எதையும் கேட்டதில்லை. பதினொன்றாம் வகுப்பில் எழுந்து நின்று பதில் சொல்ல வாய் வராமல்தான் அவள் பள்ளிக்கூடத்தையே விட்டாள்.

ஆனால் அந்த மதர்போர்டோடு வந்த கையேடு அவளுக்கு மனப்பாடம்.

"பதினேழுக்குப் பதினேழு சென்டிமீட்டருங்க. மெமரி ரெண்டு போடலாம். வைஃபை அதுலயே இருக்குது. பபிள்கம் மாதிரி ஒரு பட்டை வருமுங்க, ஃபைல் எல்லாம் அதுக்குள்ளதான். கிராபிக்ஸ் கார்டுக்கு மட்டும் ஒரே எடம்."

"எங்கூட்டு தோசைக்கல்லுல பாதிகூட இல்லீங்களே."

கலீல் பாய் சிரித்தார். "வாயே தொறக்காத புள்ளைங்க இது. என்ன மந்திரம் போட்டீங்க?"

தேயிலை ஃபேக்டரியில் ஜெரோமுக்கு வேலை போயிருந்தது. எஸ்டேட் லைன் வீட்டின் முன்னறையில் ஒரு கம்ப்யூட்டர் வைத்து, ஜனங்களுக்குச் சான்றிதழ் விண்ணப்பம் போட்டுக் கொடுத்துப் பிழைக்கலாம் என்றிருந்தார். அறை சின்னது. அதனால் கம்ப்யூட்டரும் சின்னதாக வேண்டும்.

"அம்மணியே மாட்டிக் கொடுக்கட்டும் பாய்," என்றார்.

அவள் தனியாக மாட்டிய முதல் கம்ப்யூட்டர் அது. பிராசசர் உட்காரும் குழியில் முடியைவிட மெல்லிய பின்கள் ஆயிரத்துச் சொச்சம் நிற்கும். விரல் நுனியில் பிடித்து இறக்கினாள். பிராசசர் நழுவி, மூலை இடிக்கப் பின்கள்மேல் விழுந்தது. நாலைந்து பின்கள் சாய்ந்துவிட்டன. பாய் போனில் பேசிக்கொண்டிருந்தார். ஜெரோம் டீ குடிக்கப் போயிருந்தார். மதிவதனி துப்பட்டாவில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றி, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாக நிமிர்த்தினாள். திரை எரிந்தது. மெமரி பதினாறு ஜிபியும் காட்டியது. பாய் போனை வைப்பதற்குள் பெட்டியை மூடித் திருகிவிட்டாள்.

நாலு மாதம் கழித்து, அடைமழை நாளொன்றில், ஜெரோம் அந்தப் பெட்டியை பாலிதீன் பையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினார்.

"மொதல்ல மெமரி பாதிதான் காட்டுச்சுங்க. இப்ப திரையே வரலைங்க பாய்."

பாய் பிராசசரைக் கழற்றினார். செல்போன் வெளிச்சத்தில் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். ஒரு பின் பாதியில் ஒடிந்திருந்தது. பக்கத்தில் இரண்டு வளைந்து கிடந்தன. கண்ணாடியை எடுக்காமலே மதிவதனியை ஒரு பார்வை பார்த்தார்.

"கம்பெனிக்காரன் வாரண்டியில எடுக்க மாட்டானுங்க. மலை ஈரமுங்க, உள்ள எறங்கிருச்சு. நம்ம கையில ஒண்ணும் இல்லை."

"அதேதானுங்க நானும் நெனச்சேன்." ஜெரோம் தலையாட்டினார். "ஊட்டுக்காரி ஈரத்துணியில பொட்டியத் தொடைச்சா. நின்னுபோன அன்னிக்கே வாய்க்கு வந்ததெல்லாம் பேசிப்போட்டேனுங்க. புள்ளையத் தூக்கிட்டு பொள்ளாச்சிக்கு அவங்கம்மா ஊட்டுக்குப் போனவதான். மூணு வாரமாச்சு. போனும் எடுக்கறதில்லை."

ஈரத்தில் பின் ஒடியாது. மதிவதனிக்குத் தெரியும், பாய்க்கும் தெரியும்.

"பழசு ஏதாவது இருக்குதான்னு பாக்கறேனுங்க," என்று பாய் எழுந்தார். "மதி, நீ உள்ள போய் அந்த கேபிளை எல்லாம் சுத்து கண்ணு."

அவள் போகவில்லை. பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்றது போலவே மேசைப் பக்கத்தில் நின்றாள்.

"நான்தானுங்க," என்றாள்.

"என்னங்க அம்மணி?"

"மாட்டறப்ப பிராசசரைக் கீழ உட்டுட்டேன். பின் வளைஞ்சிருச்சு. ஊக்குல நிமித்தினேன். அவங்க தொடைச்சதுல ஒண்ணும் ஆகலைங்க."

பாய் மெல்ல உட்கார்ந்தார். வெளியே ஒரு டவுன் பஸ் விடாமல் ஹாரன் அடித்தது.

ஜெரோம் போர்டைப் பார்த்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து, மனைவியின் பெயரை அழுத்திக் காதில் வைத்தார். அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடியும் அழுத்தினார். இந்த முறை முதல் மணியிலேயே துண்டிக்கப்பட்டது.

"வேற போர்டு பாத்துத் தாரேனுங்க, ஒரு வாரம் டைம் குடுங்க," என்றார் பாய்.

ஜெரோம் காதில் அது விழுந்ததாகத் தெரியவில்லை. பாலிதீன் பையை மட்டும் நாலாக மடித்துக் கையில் எடுத்துக்கொண்டார். போர்டும் பெட்டியும் மேசைமேல் திறந்தபடி கிடந்தன. மதிவதனியை நிமிர்ந்து பார்க்காமல் மழைக்குள் படியிறங்கிப் போனார்.